பிசைந்த படம்

வேலங்காட்டூரில் மூளை ஊர்ப் பொதுச்சொத்து. ஆகவே அதை யாரும் தனக்கென்று எடுத்துப் பயன்படுத்தியதில்லை. அந்த ஊர்ப் பூங்காவனம் ஒரு படம் எடுத்தான்.

காரணம், தாய்மாமன் மகள் குயிலி. மாமன் ராசப்பன்தான் ஊரின் ஒரே டாக்கீஸுக்கு முதலாளி. "உன் படம் என் திரையில ஓடட்டும், என் பொண்ணைத் தர்றேன்" என்று அவர் நடுச்சந்தையில் சொல்லிவிட்டார். பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, இவனுக்கும் தோன்றவில்லை. பொதுச்சொத்து அன்றும் பூட்டியே கிடந்தது.

எடுத்த வரைக்கும் மாமனுக்குப் போட்டுக் காட்டினான். முதலில் சண்டை, அப்புறம் காதல், கடைசியில் சிரிப்பு. ராசப்பன் முகம் சுளித்தார்.

"என்னடா மாப்ளே, சோறு ஒரு மூலை, குழம்பு ஒரு மூலை, பொரியல் ஒரு மூலைன்னு கெடக்குது? பிசைஞ்சு கொண்டா. ஒவ்வொரு வாய்க்கும் மூணும் வரணும்."

பூங்காவனம் தன் குழுவைக் கூட்டினான்.

"படத்துல ஒரு வாய்ங்கறது எவ்வளவுங்க?" என்று கேட்டான் கேமராமேன் சின்னச்சாமி.

"யார் வாய்ங்கறதைப் பொறுத்தது" என்றார் சண்டை மாஸ்டர் உருமண்ணன்.

"மாமா வாய் பெருசுங்களே" என்றான் பூங்காவனம்.

"கொழந்தைகளும் பாப்பாங்கய்யா. சின்ன வாயாவே வெச்சுக்குவோம்."

நெடிய ஆலோசனைக்குப்பின், ஒரு ஷாட் என்பது ஒரு வாய் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

மறுநாள் கதாநாயகன் வலக்கையால் வில்லனைக் குத்த வேண்டும். இடக்கையால் கதாநாயகிக்கு ரோஜா நீட்ட வேண்டும். அதே கணத்தில் வாழைப்பழத் தோலில் வழுக்கவும் வேண்டும். மூன்றில் வழுக்கல் மட்டும் சரியாக நடந்தது. குத்து புளியமரத்துக்குப் போயிற்று. ரோஜா வில்லன் கையில் போய்ச் சேர்ந்தது.

வில்லன் கருப்பணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினார். "இத்தன வருசத்துல எனக்கு யாரும் பூ குடுத்ததில்லீங்க!"

"கட்!" என்றான் பூங்காவனம். "அழுகை மாமா சொன்ன மூணுல இல்லீங்க."

"சிரிச்சுக்கிட்டே அழட்டுங்களா?"

"செய்யுங்க. பல்லு தெரியணும்."

அடுத்த சிக்கல் குளோசப். திரை முழுக்க ஒரே முகம். அதில் மூன்றும் எங்கே அமரும்? பூங்காவனமே வழி கண்டான்: வலக்கண்ணில் காதல், இடக்கண்ணில் சினம், வாயில் சிரிப்பு. நடிகர்களுக்குக் கற்பிக்கக் கண்ணாடி முன் நின்று பழகியதில் அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது. பால்காரர் அன்றிலிருந்து வாசல்படி ஏறவில்லை. பாலைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளியன்று படம் திரைக்கு வந்தது. படம் ஓடுவதையும் படம் பிடிக்கச் சின்னச்சாமி கேமராவோடு நின்றான். எந்த இடத்தில் விசிலடிப்பது, எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல், ஊரார் இரண்டையும் மாறி மாறிச் செய்து களைத்தார்கள். ராசப்பன் மட்டும் பூரித்துப்போய் எழுந்தார்.

"வாய்க்கு வாய் மூணும் இருக்குதுடா! குயிலி உனக்குத்தான்!"

அவருக்கு அருகிலிருந்த குயிலியும் எழுந்தாள். "சந்தையில பேசி முடிக்க நானென்ன கறவை மாடாப்பா? நீயாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று பூங்காவனத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கூட்டம் இதுவும் படந்தான் என்று விழுந்து விழுந்து சிரித்தது.

பூங்காவனம் கன்னத்தைப் பிடித்தபடி யோசித்தான். சண்டை வந்துவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. ஒன்று குறைகிறதே!

"குயிலி, என்னைக் கட்டிக்கறியா? பதிலைக் காதல் கலந்து அடி" என்று மறு கன்னத்தைக் காட்டினான்.

அவள் கையை ஓங்கினாள். உருகும் வலக்கண்ணையும் முறைக்கும் இடக்கண்ணையும் இளிக்கும் வாயையும் அப்போதுதான் அருகில் பார்த்தாள். பீறிட்ட சிரிப்போடு அறை விழுந்தது. விழுந்த கை கன்னத்திலேயே தங்கிவிட்டது.

"கட்டிக்கறேன், போடா" என்றாள்.

"இதாண்டா நான் கேட்டது!" என்று ராசப்பன் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். "ஒரே வாய்க்கு மூணு!"

"சின்னச்சாமி, எடுத்துட்டியா?" என்று கேட்டான் பூங்காவனம்.

"கேமராவோட நில்லுன்னுதானுங்கண்ணா சொன்னீங்க. காலையில இருந்து நின்னுட்டுத்தானே இருக்கேன்? கேமராவை ஓட்டச் சொல்லலீங்களே."

பூங்காவனம் பெருமூச்சுவிட்டு முகத்தை வாகாகத் திருப்பினான்.

"ஒன் மோர்!"

குயிலி வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.