மூட்டைப்பூச்சி ரொட்டி

ஒரு ஊர்ல ஒரு அடுப்பு இருந்துச்சு. வீட்டுக்கு வீடு இல்ல, ஊருக்கே ஒரே அடுப்பு. எந்த ஊருங்கிறியா? நம்ம ராமேஸ்வரம் மாதிரி அதுவும் தீவுதான். ஆனா ரொம்ப தூரம், மத்தியதரைக் கடல்ல கிடக்கு. பேரு சல்மீரா. பழைய ஊரு. சுத்தி மதிலு, உள்ள சந்து சந்தா வீடு. அங்க விறகுக்குப் பஞ்சம். அதனால நூத்திப் பன்னெண்டு வீட்டு ரொட்டியும் அந்த ஒரே அடுப்புலதான் வேகணும். அடுப்புன்னா சின்னது இல்ல, யானை படுத்துக்கலாம். யானைதான் அங்க கிடையாது.

"ம்."

அப்போ, உன் ரொட்டி எது, என் ரொட்டி எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் வீட்டுக்கு ஒரு மர அச்சு. மாவை உருட்டி வச்சு, மேல டப்புன்னு ஒரு அமுக்கு. ஒரு வீட்டுக்கு மீனு, ஒரு வீட்டுக்குச் சாவி, ஒரு வீட்டுக்கு மாதுளம்பழம். வெந்ததும் அடுப்புக்காரி பெர்ணா நீளத் துடுப்பால ரொட்டியை வெளிய இழுத்து பலகையில அடுக்குவா. நாம போய் "மீனு"ன்னு சத்தமாச் சொன்னாத்தான் மீன் ரொட்டி கைக்கு வரும். அச்சு இருந்தா ஊர்க்காரங்க. அச்சு இல்லன்னா வந்தவங்க. வந்தவங்க அடுத்த கப்பல்ல போயிடணும். அதான் சட்டம்.

அந்த ஊருக்கு நெரீனான்னு ஒருத்தி வந்து இறங்கினா. அவ தீவுல எரிமலை புஸ்ஸுன்னு பொங்கி, வீடு போச்சு, ஆடு போச்சு. மிஞ்சினது அவளும் அவ அப்பா சிரீலோவும்தான். கப்பல்ல வந்த ஒம்பது நாளும் அப்பாவுக்கு உவ்வே, உவ்வேன்னு ஒரே வாந்தி. கரையில கால் பட்டதும் மனுஷன் அப்படியே குப்புறப் படுத்து தரையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

"அம்மாடி, இன்னொரு தடவை கப்பல்ல ஏத்தினா நான் ஒரு பக்கமும் என் குடல் ஒரு பக்கமும்தான் போய்ச் சேருவோம்."

"ஏத்தலப்பா. இங்கயே இருக்க வழி பாக்குறேன். எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். தரை ஆடாம இருக்கு."

நாலாம் நாள் ஊர்த் திருவிழா. அதுக்கு மறுநாள் காலையில கப்பல். அதுக்குள்ள வேற எந்த வீட்டுலயும் இல்லாத ஒரு அச்சு கிடைக்கணும்.

அப்புறம், மொத நாள் நெரீனா ஒரு மரக்கட்டையில படகு செதுக்கிக்கிட்டு பெர்ணாகிட்டப் போனா.

"படகு போயிடுச்சும்மா," ன்னா பெர்ணா. "மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மொதப் படகுல வந்து இறங்கினவங்க எடுத்துக்கிட்டாங்க."

ரெண்டாம் நாள் பேரீச்சமரம் செதுக்கினா.

"அதுவும் போச்சு. ஆப்பிரிக்கக் கரையிலேருந்து பேரீச்சங்கன்னுகளோட வந்தவங்க எடுத்துட்டாங்க. ஒட்டகமும் அவங்க சித்தப்பா வீட்டோடது."

மூணாம் நாள் கத்தி செதுக்கினா.

"கத்தி, கேடயம், கோட்டை எதுவுமே இல்ல. ஊரை அடிச்சுப் பிடிக்க வந்த சிப்பாய்ங்களுக்குப் போயிடுச்சு. வந்தாங்க, சாப்பாடு நல்லா இருக்குன்னு இருந்துட்டாங்க."

நெரீனாவுக்கு விரலெல்லாம் கொப்புளம். "எல்லாருமே வந்தவங்கன்னா, ஊர்க்காரங்க யாருதான்?"

பெர்ணா யோசிச்சா. "முன்னாடியே வந்தவங்க."

"கடைசியா வந்தது யாரு?"

பெர்ணா அக்கம்பக்கம் பாத்துக்கிட்டா. "நம்ம ஊர்த்தலைவர் கஸ்பாரே வீடு. வந்து முந்நூறு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நல்ல அச்செல்லாம் தீந்துபோச்சு. மிஞ்சினது மூட்டைப்பூச்சிதான்."

"ஹி."

சிரிக்காத, கேளு. தலைவருக்கு முறுக்கு மீசை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, அச்சு மட்டும் மூட்டைப்பூச்சி. கூச்சம் இருக்காதா? அதனால அச்சைப் பட்டும் படாம வைப்பாரு. மாவு பொம்முன்னு உப்பினதும் பூச்சி மறைஞ்சுடும். மத்த நாள்ல வேலைக்காரம்மா போய் வாங்கிட்டு வந்துருவாங்க. திருவிழா அன்னிக்குத்தான் வம்பு. அன்னிக்கு வீட்டுப் பெரியவங்களே வந்து ஊர் முன்னாடி சொல்லி வாங்கணும். வருஷா வருஷம், சரியா அந்த இடத்துல அவருக்கு இருமல் வந்துடும். பெர்ணாவும் அச்சு தெரியாத அந்த ஒரு ரொட்டியை எடுத்துக் கொடுத்துருவா.

தூங்கிட்டியா?

"இல்ல."

அப்புறம் திருவிழா வந்துச்சு. டாங், டாங்னு கோயில் மணி. அன்னிக்கு மட்டும் யார் மாவையும் அடுப்பு வேணாம்னு சொல்லக் கூடாது, அது வழக்கம். நெரீனா அச்சே வைக்காம மொழுமொழுன்னு ஒரு உருண்டையைக் கொண்டுபோய் வச்சா.

"இது என்னம்மா, மொட்டையா?"

"எல்லா ரொட்டியிலயும் ஏதோ ஒண்ணு இருக்கும். ஒண்ணுமே இல்லாதது என்னுது. அடையாளம் போதாதா?"

பெர்ணா துடுப்பால அதையும் அடுப்புக்குள்ள தள்ளினா.

வெயில் ஏறினதும் ரொட்டியெல்லாம் வெளிய வந்துச்சு, தொப்பு, தொப்பு, தொப்பு. மீனு, சாவி, ஒட்டகம்னு சொல்லிச் சொல்லி வாங்கிட்டுப் போனாங்க. கடைசியில பலகையில ரெண்டே ரொட்டி. ரெண்டும் மொட்டை.

தலைவர் முன்னாடி வந்தாரு. "கஹ், கஹ்."

"ஐயா, இந்த வருஷம் இருமல் பத்தாது," ன்னா பெர்ணா. "ரெண்டு இருக்கு. எது உங்களுது?"

பெர்ணா ஒண்ணை எடுத்து வெயில்ல சாய்ச்சுப் பாத்தா. "இதுல லேசா காலு தெரியுதே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"எண்ணாத," ன்னாரு தலைவர். மீசை படபடன்னு ஆடுச்சு. சட்டுன்னு இன்னொரு ரொட்டியை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. "இதான் என்னுது. என் ரொட்டியில ஒண்ணும் கிடையாது. ஊர் பாத்துக்கட்டும்."

ஊர் பாத்துக்கிச்சு. அப்போ நெரீனா ஒரு அடி முன்னாடி வந்து, மதில் வரைக்கும் கேக்குற மாதிரி சொன்னா.

"மூட்டைப்பூச்சி."

பெர்ணா ரொட்டியை அவ கையில கொடுத்தா. சொன்னவங்களுக்குத்தானே ரொட்டி.

"எங்க அச்சு உங்ககிட்ட எப்படியோ வந்து கிடக்கு போல, தலைவரே," ன்னா நெரீனா.

தலைவர் சட்டைப்பையில ஒளிச்சு வச்சிருந்த அச்சை எடுத்து, சூடான கரியைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாரு. அப்புறம்தான் மூச்சு விட்டாரு. ஆனா பெர்ணா விடல.

"அச்சு இல்லாதவங்க நாளைக்குக் கப்பல்ல போகணுமே. அப்போ நீங்களா, ஐயா?"

கலகலன்னு ஊரே சிரிச்சுது. தலைவர் ரொட்டியைப் பாத்தாரு, கப்பலைப் பாத்தாரு. கைத்தடியை ணங்குன்னு தரையில தட்டினாரு.

"ரொம்ப நாளாவே நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்தச் சட்டத்தை எடுத்துரலாம்."

மறுநாள் கப்பல் பூம்னு ஊதிட்டு யாரையும் ஏத்திக்காமப் போச்சு. நெரீனா அச்சை மாவுல அழுத்தமா, ஆறு காலும் தெரியுற மாதிரி வச்சா.

"இன்னும் நல்லதா கிடைக்கலையேப்பா," ன்னா.

சிரீலோ வெந்து வந்த ரொட்டியைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டாரு. "இதவிட நல்லதா? மூட்டைப்பூச்சி ஒரு வீட்டுல ஏறிடுச்சுன்னா, எவனால இறக்க முடியும்?"

ரொட்டி வெந்துது, அடுப்பு அணைஞ்சுது, கதையும் ஆறிப்போச்சு. கண்ணை மூடு. நம்ம பாயில பூச்சி இல்ல, நான் பாத்துட்டேன். தூங்கு.