வாய் திறக்காத நரி

மழைக்குப் பேர்போன ஒரு காட்டில் நரி ஒன்று வாழ்ந்தது. வாய்ச்சவடாலில் அதை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்ட நரி ஒருநாள் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தது. ஏன் தெரியுமா, குழந்தைகளே? அதன் வாய்க்குள் ஒரு முட்டை இருந்தது. பெண்மயில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துத் திருடிய முட்டை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவரை நலம் விசாரிக்காமல் யாரும் கடந்துபோகக் கூடாது. வாய் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு யாரை விசாரிப்பது? ஆகவே நரி பாதையை விட்டுச் சதுப்பில் இறங்கியது. பத்து அடிகூடப் போகவில்லை, நான்கு கால்களும் சேற்றில் புதைந்தன. பதறித் துள்ளியது. துள்ளத் துள்ள வயிறுவரை இறங்கிவிட்டது.

பக்கத்தில் ஓர் ஆமை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

“சேறு உன்னை இழுக்கவில்லையப்பா. நீயேதான் இறங்குகிறாய். சும்மா இரு” என்றது.

நரி சும்மா இருந்தது. இறங்குவது நின்றது. ஆனால் மேலே வரும் வழி தெரியவில்லை. மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பெய்தால் சேற்றுநீர் மூக்குக்கு மேலே போய்விடும்.

அப்போது கரைக்கு யானை வந்தது. விழுந்தவரைத் தூக்கிவிடாமல் அதற்கு ஒரு வாய்த் தழை இறங்காது. நீளமான காட்டுக்கொடி ஒன்றை நரியின் முகத்தருகே வீசியது.

“பல்லால் கடித்துக்கொள், தம்பி. இழுப்பது என் வேலை.”

கடிப்பதற்கு வாய் காலியாக இருக்கவேண்டுமே! போதாக்குறைக்கு, பெண்மயில் அழுதுகொண்டே யானையின் அருகில் வந்து நின்றது. தன் முட்டையைப் பார்த்தீர்களா என்று எல்லோரையும் கேட்டது.

பாவம், நரி என்ன செய்யும்? வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் உயிர் போகும். சட்டென்று வேறொரு வழி தோன்றியது. ஒரே கடி, ஒரே விழுங்கு. பிறகு முட்டையும் இல்லை, திருட்டும் இல்லை.

யானை அவசரப்படுத்தவில்லை. கொடியைப் பிடித்தபடி காத்து நின்றது.

நரி பல்லை அழுத்தப் போனது. அந்த நேரம் ஓட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அதன் நாக்கை மெல்லத் தட்டியது. உள்ளே குஞ்சு விழித்துவிட்டது. நரிக்குக் கண் கலங்கியது. கழுத்தை நீட்டி, முட்டையை ஆமையின் முதுகில் வைத்தது.

“மயிலக்கா, நான்தான் திருடினேன்.”

அன்று அது பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஆமை இம்மியும் குலுங்காமல் முட்டையைக் கரைக்குச் சுமந்து போனது. மயில் அதைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. நரி கொடியைக் கடித்தது. யானை இழுத்துக் கரையில் போட்டது.

இழுத்ததால் பிழைத்தான் என்றது யானை. விட்டதால் பிழைத்தான் என்றது ஆமை. சேறு சொட்டச் சொட்ட நின்ற நரிக்கு வேறொரு சந்தேகம்.

“யானையண்ணா, என் வாயில் முட்டை இருந்தது உங்களுக்குத் தெரியாதா?”

“கன்னம் உப்பியிருந்ததே, தெரியாமல் என்ன?”

“தெரிந்துமா கொடியைப் போட்டீர்கள்?”

“கொடியைத்தான் நான் போடமுடியும், தம்பி. வாயை நீதான் திறக்கவேண்டும்” என்றது யானை.

நீதி: தூக்கிவிட ஆள் வந்தாலும், பற்றிய தீமையைத் தானே விட்டவர்தான் கரையேறுவார்.