பகலில் தூங்கிய கீரி

அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை! பொய்யென்றால் இன்றைக்கே என் மீசையை எலி கொறித்துக்கொண்டு போகட்டும்!

அல்லிக்குளத்துக் காட்டில் செம்பட்டையன் என்றொரு கீரி இருந்தான். மனைவி பெயர் மருக்கொழுந்து. வாண்டுக் குட்டிகள் மூன்று. குளக்கரைப் பள்ளத்தில் ஒரு வளையில் குடித்தனம். போன அடைமழையில் அந்த வளைக்குள் வெள்ளம் புகுந்து, கடைக்குட்டி மிதந்தே போய்விட்டது. செம்பட்டையன் பாய்ந்து அதன் பிடரியைக் கவ்வி இழுத்துப் போட்டான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வைராக்கியம்: அடுத்த மழைக்குள் மேட்டுக்குக் குடிபோய்விட வேண்டும்!

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. காய்ந்த சுரைக்குடுக்கையில் தாளம் போடுவான். அந்தியில் தவளைகள் பாட, இவன் தட்ட, குளமே தலையாட்டும்.

ஒருநாள் நரிக் கங்காணி வந்தார். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில்.

"ஏப்பா செம்பட்டை! மேட்டு முயல்களுக்கு ராக்காவல் ஆள் வேணும். அங்கே இருந்த ஆந்தையம்மா பேறுகால லீவில் போயிட்டா. மழை இறங்குற வரைக்கும் ஒப்பந்தம். முயல் குட்டிகளுக்கு ஒரு சேதமும் வரலைன்னா, மேட்டிலே காலியாக் கிடக்கிற முள்ளம்பன்றி வளை உனக்கு!"

"யார்கிட்டேயிருந்து காவல்?"

"கட்டுவிரியன்கிட்டேயிருந்துதான். ராத்திரிதான் அவ வருவா. பகல்லே நல்லாத் தூங்கிடுவே இல்லே?"

செம்பட்டையன் தயங்கினான். கீரிகள் சூரியனோடு எழுந்து சூரியனோடு படுக்கிற சாதி. பகலில் கண் மூடுகிற கீரியைப் பார்த்தால், "உடம்புக்கு ஆகலையா, இல்லை சோம்பேறியா?" என்று ஊரே கேட்கும். அது அவர்களுக்குப் பெரிய அவமானம்.

ஆனாலும், "ஓ! வீட்டிலே மெத்தை மாதிரி படுக்கை இருக்கு, கங்காணி ஐயா!" என்று ஒரு புளுகு விட்டான்.

வீட்டில் மருக்கொழுந்து கேட்டாள். "ஏங்க, ராத்திரி முழுக்கக் காவல்னா எப்ப தூங்குவீங்க?"

"அங்கேயே தூங்கிக்குவேன். சும்மா பேருக்குத்தான் காவல்!" என்று இன்னொரு புளுகு.

வீட்டில் கேட்டால் வேலையில் தூக்கம், வேலையில் கேட்டால் வீட்டில் தூக்கம். நிஜத்தில் எங்குமே தூக்கமில்லை!

விடிந்ததும் குட்டிகளுக்கு நண்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். வெயிலேறியதும் மனைவிக்கு இரை தேடினான். அந்தியில் கச்சேரி. இருட்டினால் காவல். "எனக்கென்ன, இரும்பு உடம்பு!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான். கொஞ்ச நாளிலேயே கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன.

ஓரிரவு ஒரு கொடியைப் பாம்பென்று நினைத்து விடியவிடியச் சண்டை போட்டான். கொடி செத்தே போயிற்று! இன்னொரு அந்தியில் குடுக்கையென்று நினைத்து ஆமையின் முதுகில் தாளம் போட்டுவிட்டான். ஆமையோ இடி இடிக்கிறதென்று பயந்து, இரண்டு நாள் தலையை வெளியே நீட்டவில்லை.

"மாப்ளே, உனக்கு என்னமோ ஆயிடுச்சு!" என்றது பாட்டுக்காரத் தவளை.

"ஒண்ணும் ஆகலே! அடுத்த பாட்டை எடு!"

பின்னிரவு ஒன்றில் முயல்களின் வளைவாசலில் நின்றவனுக்குக் கண் செருகியது. 'சற்றே சாய்வோம்' என்று பக்கத்தில் கிடந்த வேரில் தலையை வைத்தான். வைத்ததுதான் தெரியும். குறட்டை!

அது வேரில்லை. கட்டுவிரியன்!

'கீரி என் மேலேயே தலை வைக்கிறானே, என்ன சூழ்ச்சியோ!' என்று அவள் வெலவெலத்துப் போனாள். மூச்சையும் அடக்கிக்கொண்டு விடியும்வரை தலையணையாகவே கிடந்தாள். கீரிக்குத் தலையணையான பாம்பை உலகத்தில் வேறெங்காவது கேட்டதுண்டா? நடந்தது ஐயா, நடந்தது!

விடியலில் அந்த வழியாக வந்த கங்காணி ஓங்கிக் கத்தினார். செம்பட்டையன் துள்ளி எழுந்தான். விரியன் புதரில் பாய்ந்தாள். பாய்கிற போக்கில் சிரித்தாள்.

"அட, நிஜத் தூக்கமா! இது தெரியாமப் போச்சே! ராத்திரி வர்றேன் மாப்பிள்ளே, நீ நல்லாத் தூங்கு!"

முயல் குட்டிகள் வளைவாசலில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின.

"பார்த்தியா? ஏதோ நல்ல காலம், பிழைச்சதுங்க!" என்று கங்காணி பல்லைக் கடித்தார். "இன்னொரு தடவை கண் அசந்தா ஒப்பந்தமும் இல்லே, வளையும் இல்லே! வீட்டிலேதான் மெத்தை இருக்குன்னு சொன்னியே!"

செம்பட்டையன் வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். வெள்ளத்தில் மிதந்த கடைக்குட்டி கண்முன் வந்தது. விடுவதில்லை! ஆனால் இப்படியே இழுப்பதும் இல்லை!

நேரே வீட்டுக்கு வந்தான். "மருக்கொழுந்து, நான் பொய் சொல்லிட்டேன். வேலைக்குப் போனதிலேர்ந்து நான் தூங்கவே இல்லே. பகல்லே தூங்கினா ஊர் சிரிக்குமேன்னு மறைச்சேன். இன்னைக்கு ராத்திரி விரியன் வருவா."

மருக்கொழுந்து அவன் முகத்தையே பார்த்தாள். "ஊர் சிரிக்குமேன்னு சாகப் பார்த்தீங்களாக்கும்! வெள்ளத்திலே ஊரா வந்து நம்ம பிள்ளையைத் தூக்குச்சு? போய்ப் படுங்க. இரை நான் தேடறேன். நண்டு பிடிக்க நானும் சொல்லிக் கொடுப்பேன். உங்களைவிட எனக்கு நல்லாவே வரும்!"

வளைவாசலை இலைதழையால் அடைத்தாள். உள்ளே கும்மிருட்டு. குட்டிகள் வாசலில் காவல் உட்கார்ந்தன.

மைனா வந்து கிளையில் ஆடியது. "என்னடா பொடியன்களா! சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, உங்கப்பன் இன்னும் தூங்குறானாமே? வெட்கமா இல்லே?"

"மெதுவாப் பேசு அத்தே!" என்றது கடைக்குட்டி. "அப்பாவுக்கு இப்ப நடுராத்திரி!"

மைனா விருட்டென்று பறந்தது. போகிற வழியெல்லாம் காடு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனது. சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். செம்பட்டையனுக்கு அது காதிலேயே விழவில்லை, அப்படியொரு தூக்கம்!

அந்தியில் எழுந்து தவளையிடம் போனான். "மாப்ளே, மழை வர்ற வரைக்கும் ஒரு பாட்டுக்குத்தான் தட்டுவேன். ஒண்ணோட எழுந்திடுவேன்."

தவளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "ஒண்ணேதானா?"

"ஒண்ணுன்னாலும் உருப்படியாத் தட்டுவேன். ஆமை முதுகிலே தட்ட மாட்டேன்!"

தட்டினான். தாளம் பிசகவே இல்லை. பாட்டு முடிந்ததும், "இன்னும் ஒண்ணு!" என்று குளமே கெஞ்சியது. அவன் திரும்பிப் பார்க்காமல் மேடேறினான்.

இருட்டியது. விரியன் வந்தாள். ஒளியவில்லை, பதுங்கவில்லை, கல்யாணத்துக்கு வருகிறவள் போல நடுப்பாதையில் வந்தாள். செம்பட்டையன் அசையாமல் படுத்திருந்தான். அவனைத் தாண்டி முயல் வளைக்குள் தலையை நுழைத்தபடியே, "தூங்கு மாப்பிள்ளே, தூங்கு!" என்று கொஞ்சினாள்.

"அதையெல்லாம் பகல்லேயே முடிச்சிட்டு வந்துட்டேன், அக்கா!"

வாலைக் கவ்வினான்! இழுத்தான்! சுழற்றினான்! வீசினான்! வால்நுனி அவன் வாயில் நின்றுவிட்டது. மிச்சப் பாம்பு குளத்தைத் தாண்டி, பனைமரத்தையும் தாண்டிப் போய் அக்கரையில் விழுந்தது. அதற்குப் பிறகு இக்கரைப் பக்கம் அவள் தலை வைத்துப் படுக்கவில்லை.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பள்ளத்து வளை தண்ணீரில் மூழ்கிப் போனது. மேட்டு வளையில் ஐந்து பேரும் வாலோடு வால் பின்னிக்கொண்டு, ஒரு துளி நனையாமல் தூங்கினார்கள்.

களைப்பை மறைத்து எல்லாவற்றையும் தாங்குவேன் என்கிறவன் எல்லாவற்றையும் தவறவிடுவான். உண்மையைச் சொல்லி ஓய்வைக் கேட்டு வாங்குகிறவனே வீட்டையும் வேலையையும் காப்பாற்றுவான்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்! அக்கரையில் ஒருத்தி அறுந்த வாலோடு அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.