முன்னால் பறப்பது மட்டும்

மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, புல்வெளியின் குறுக்கே ஆய்வு மாணவன் இசக்கிராஜ் நடந்துகொண்டிருந்தான். சற்றுத் தள்ளிப் பின்னால் அவன் பேராசிரியர் ரெபெக்கா வந்தார்.

கணக்கெடுப்புக்கு ஒரு விதி உண்டு. குறித்த பாதையில் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். முன்னால் தென்படும் பட்டாம்பூச்சியை மட்டும் எண்ண வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எண்ணியதையே மறுபடி எண்ணிவிடுவோம்.

அவன் தேடியது ஒரு சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சி. முன்பு மலையின் பாதியிலேயே நிறையப் பறந்தது. சூடு ஏற ஏற அதுவும் மேலே ஏறியது. கீழ்ப் பாதைகளில் இப்போது அது இல்லை. இதுதான் கடைசிப் பாதை. இதற்கு மேல் பாறை, அதற்கு மேல் வானம்.

பாதி தூரம் வந்தாயிற்று. ஒன்றுகூடக் காணோம்.

"இன்னிக்கு இல்லேன்னா என்ன மேடம் எழுதறது?"

"இல்லேன்னு எழுது."

"எங்கப்பா தெரு பூரா சொல்லி வச்சிருக்கார், பையன் பட்டாம்பூச்சிக்குப் படிக்கிறான்னு. இல்லாத பூச்சிக்குப் படிக்கிறேன்னு போய் நிக்கவா?"

"அப்பா ஊர்ல இருக்கார். நீ முன்னால பாரு."

கொஞ்ச நேரத்தில் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன மேடம்? தப்பா நடக்கிறேனா?"

"அருமையா நடக்கிற. திரும்பாத."

மறுபடியும் சிரிப்பு. அவனுக்கு வியர்த்தது. மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான்.

"பேன்ட் கிழிஞ்சிருக்கா மேடம்?"

"கையை ஆட்டாதடா! அப்படியே நட."

பாதை முடிந்தது. அவன் படிவத்தில் பென்சிலால் ஒரு சைபர் போட்டான். கண்ணுக்கே தெரியாத அளவு.

"பெருசா போடு. இவ்வளவு தூரம் நடந்து போட்ட சைபர்."

பெரிதாக்கினான்.

"இப்ப தொப்பியைக் கழற்று. மெதுவா."

தொப்பியில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்த இடத்தில் அந்த மஞ்சள் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. நூல் போன்ற நாக்கை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. இசக்கிராஜுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

"எப்ப வந்துச்சு மேடம்?"

"பாதி வழியில ஏறிச்சு. டிக்கெட் இல்லாம உன் தலையில சவாரி."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா திரும்பியிருப்ப."

அவன் பட்டாம்பூச்சியைப் பார்த்தான். சைபரைப் பார்த்தான்.

"பாதைக்குள்ளதானே வந்திருக்கு. ஒண்ணுன்னு மாத்திடட்டுமா?"

அவர் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார்.

வாங்கினான். விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே நின்றான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"முன்னால நான் பார்க்கல மேடம். ஓரத்துல வேணா குறிப்பா எழுதிக்கிறேன்."

"என்னன்னு?"

"தொப்பியில் ஒன்று, உப்பு குடித்தது."

பட்டாம்பூச்சி எழுந்தது. அவன் மூக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாறைப் பக்கம் மேலே பறந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான்.

"அடுத்த வருஷமும் சைபர் வந்தா என்ன மேடம் பண்றது?"

அவர் தொப்பியை வாங்கி அவன் தலையில் வைத்தார்.

"இதைத் துவைச்சிடாத."