மாடி ஏறிய பந்தல்

"டீச்சர், இன்னும் எத்தனை பேட்டரி வாங்கணும்? அதை மட்டும் சொல்லுங்க!"

ஆரோக்கியராஜ் கேட்ட வேகத்தைப் பார்த்தால் வீடே தீப்பற்றிக்கொண்டதோ என்று தோன்றும். மனுஷனுக்கு வயசு ஐம்பத்தெட்டு. சோலார் பாடம் படிப்பதோ, மகள் வயசுள்ள மும்தாஜ் டீச்சரிடம். இன்றைக்கு டீச்சரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

கடலோரப் பனங்காட்டில் வீடு. கரன்ட் கம்பி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. முற்றத்து மணலில் நிற்கிற சோலார் தட்டுகளும் நாலு பேட்டரியும்தான் கதி.

நாளைச் சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு வருகிறார்கள். போன கோடையில் புழுக்கம் தாங்காமல் மறுநாளே பெட்டியைத் தூக்கியவர்கள். இந்தத் தடவை பேரன் ஒரு மாசமாவது மடியில் கிடக்க வேண்டும் என்று மனுஷன் துடிக்கிறார். வாசலில் புது ஓலைப் பந்தல் போட்டாயிற்று. ஏசியும் மாட்டியாயிற்று.

நேற்று ஓட்டிப் பார்த்தார். பாதி ராத்திரியிலேயே பேட்டரி படுத்துவிட்டது.

"ஏசியில எழுதியிருக்கிற வாட்டை மணிக்கணக்கால பெருக்கிட்டேன் டீச்சர். பேட்டரி பத்தாது. கணக்குல தப்பே இல்ல!"

"ஏசிக்கு என்ன வேலை?"

"இதென்ன கேள்வி? குளிர் குடுக்கிறது!"

"செருப்பைக் கழட்டிட்டு மாடிக்கு வாங்க."

உச்சி வெயில். டீச்சர் செருப்போடு நின்றார். ஆரோக்கியராஜ் வெறுங்காலை மொட்டை மாடியில் வைத்தார்.

"ஐயோ! யம்மாடி!"

ஒற்றைக்காலில் ஒரு குதி, மறுகாலில் ஒரு குதி. பேட்டரி விஷயமே மறந்துபோச்சு.

"இதுக்கு நேர் கீழே எந்த ரூம்?"

"பேரன்... ஆ! பேரன் படுக்கப்போற ரூம்!"

"இந்தச் சூடு பொழுது சாய்ஞ்சதும் எங்க போகும்?"

குதித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். கால் சுட்டதே தெரியவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். வாசல் பந்தல் பச்சைப் பசேலென்று நிழல் விரித்துக் கிடந்தது. அதன் கீழே ஆள் யாரும் இல்லை.

"ஸ்டெல்லா! ஏய் ஸ்டெல்லா! பந்தலைப் பிரி! எல்லாத்தையும் மாடிக்கு ஏத்து! தளம் சுடலைன்னா ரூமும் சுடாது, இருக்கிற பேட்டரியே போதும்!"

அடுக்களையிலிருந்து ஓடிவந்த மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பேரன் வர்ற அன்னிக்கு வாசல் மொட்டையா நிக்கிறதா? மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?"

"ராத்திரி பூரா குளுகுளுன்னு அசந்து தூங்குற மனுஷன் என்னத்தடி நினைக்கப்போறாரு? ஓலையைப் பிடி!"