கை படாமல் செய்த வேலை

பாளையங்கோட்டையில் குற்றாலலிங்கம் என்று ஒரு பொறியாளர் இருந்தார். அணை கட்டி ஓய்வுபெற்றவர். குடியிருந்த அடுக்குமாடியின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் வீட்டு வாஷ்பேசின் மூடி கசிய ஆரம்பித்தது. தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தாலும், அவர் சவரம் முடிப்பதற்குள் எல்லாம் வடிந்துவிடும்.

குழாய் வேலை செய்யும் ஜெபராணியைக் கூப்பிட்டார்கள். இதைச் சரியாகச் செய்தால் குடியிருப்பின் வேலை முழுவதும் அவளுக்குத்தான் என்று பேச்சு.

"இது இத்தாலி சாமான். உன் கை படக்கூடாது. புதுசா எதையும் மாட்டவும் கூடாது. ஆனா கசிவு நிக்கணும். முடியுமா?" என்றார் பொறியாளர்.

அவர் மனைவிக்கே சங்கடமாகிவிட்டது.

"முடியும் சார்," என்றாள் ஜெபராணி. "அந்த மூடியை வெளிய எடுங்க."

எடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"அடியில இருக்க ரப்பர் வளையத்தைக் கழத்தித் திருப்பி மாட்டுங்க."

மாட்டினார்.

"இப்ப மூடிட்டுத் தண்ணி பிடிங்க."

கால் மணி நேரம் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"யாரோ கழுவுறதுக்குக் கழத்திட்டு, வளையத்தைத் தலைகீழா மாட்டிட்டாங்க சார்."

"வேற யாரு, இவங்கதான். போன ஞாயித்துக்கிழமை," என்று மனைவி கணவரைக் காட்டிச் சிரித்துவிட்டார்.

பொறியாளர் துண்டில் கையைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது.

"குடியிருப்பு வேலை உனக்குத்தாம்மா. சமையலறைக் குழாயும் சொட்டுது. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீங்க உட்காருங்க சார். அதை நான் பார்த்துக்கிடுதேன்."