பதினோராம் வளைவுக் கல்

ஒரு மலையில் ரோடு போட வந்தவர்கள் பாறைக்கு வெடி வைத்தார்கள். உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த கருங்கல் ஒன்று தெறித்து வெளியே விழுந்தது. தேங்காய் அளவுதான் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் அரிவாள் மாதிரிக் கூர். பதினோராவது கொண்டை ஊசி வளைவில், மற்ற கற்களோடு ஓரமாகக் கிடந்தது.

பாவம், அதற்குக் கோபம் ஆறவே இல்லை. எப்படி ஆறும்? தன்னைப் பிளந்து போட்ட பாதையிலேயே பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போவதை அது தினமும் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கை மட்டும் கிடைக்கட்டும், அப்புறம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்துச் சரளைகளும் ஆமாம் சாமி போட்டன. சும்மா கிடப்பவர்களுக்கு வீரப்பேச்சு கேட்கச் சுகமாகத்தானே இருக்கும்.

ஒரு நாள் காலையில் அந்தக் கை வந்தது.

அது மாதையனுடைய கை. வளைவுக்கு மேலே கொஞ்சம் மிளகும் நாலு பலாமரமும் வைத்திருப்பவன். முந்தின நாள் சாயங்காலம் அவன் மகள் தவமணிக்குக் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. மலை உச்சியில்தான் ஆஸ்பத்திரி. பிள்ளையைப் போர்வையில் சுற்றி ரோட்டுக்குத் தூக்கி வந்து, ஏறி வந்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினான். கும்பிட்டும் பார்த்தான். பஸ் நிற்கவில்லை. எட்டு வயசுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்ச வளைவெல்லாம் நடந்தே ஏறினான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் வழியில் அவளுக்குப் பல் கிட்டிப்போன அந்த ஒரு நிமிஷம் அவன் மனசை விட்டுப் போகவில்லை. விடிந்ததும் மனைவியைப் பிள்ளைக்குத் துணையாக வைத்துவிட்டு இறங்கி வந்து, ஓரத்தில் கிடந்த அந்தக் கூர்க்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸுக்காகக் காத்து நின்றான்.

கல்லுக்கு அவன் உள்ளங்கை சுட்டது. நம்ம ஆள் வந்துவிட்டான் என்று பூரித்துப்போனது.

பஸ் முக்கி முனகி ஏறி வந்தது. அதன் முன்கண்ணாடி கல்லைப் பார்த்துவிட்டது.

"வேண்டாம்" என்றது கண்ணாடி.

"பயமா?"

"பயம்தான். உன்னை வெடி வெச்சுப் பிளந்தப்போ வலிச்சுதுல்ல, அந்த வலிதான் எனக்கும். ஆனா என்னோட நிக்காது. நான் நூறு துண்டா உடைவேன். நூறும் உள்ள இருக்கறவங்க மடியிலதான் விழும்."

கல்லின் வலியைப் பற்றி அதுவரை யாரும் அதனிடம் பேசியதே இல்லை. அது யோசிப்பதற்குள் மாதையன் கையை ஓங்கிவிட்டான்.

ஓங்கிய கையைப் பார்த்த டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் அணைந்தது. பஸ் ஒரு கணம் நின்றது. பிறகு பிரேக்குக்கும் அடங்காமல் மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கியது. பின்னால் வளைவு, வளைவைத் தாண்டினால் கிடுகிடு பள்ளம். உள்ளே இருந்த நாற்பது பேரும் அலறினார்கள்.

கண்டக்டர் வேலாயுதம் கீழே குதித்தார். சரளையை அள்ளி அள்ளிப் பின்டயருக்கு அடியில் போட்டார். ஆமாம் சாமி போட்ட சரளைகள் அத்தனையும் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

"பெரிய கல்லா யாராச்சும் வைங்கய்யா" என்று கத்தினார்.

மாதையன் கையில் கல் இருந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் தன் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தாள். நேற்று அவன் தவமணியை இறுக்கிக்கொண்டது போலவே. ஓங்கிய கை இறங்கியது. ஓடிப்போய்ப் பின்டயருக்கு அடியில் கல்லைத் திணித்தான்.

அவ்வளவு பாரத்தைக் கல் பார்த்ததே இல்லை. பறக்கப் போகிறோம் என்றிருந்ததை இப்படிக் கீழே போட்டு அழுத்தினால் எப்படி இருக்கும்?

"தள்ளிப் போயிடு" என்றது டயர். "என்னால நிக்க முடியல. நசுக்கிடுவேன்."

"நசுக்கு."

"உனக்குத்தான் கூர் இருக்கே. என்னைக் கிழிச்சுட்டுத் தப்பிச்சுக்கோயேன்."

கல் யோசித்தது. கூரைத் தரைப்பக்கம் திருப்பி ரோட்டில் ஊன்றிக்கொண்டது.

"கிழிக்கவும் மாட்டேன், நகரவும் மாட்டேன்" என்றது.

டயர் ஏறப் பார்த்தது, திணறியது, கடைசியில் நின்றுவிட்டது. கல்லின் கூர் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அதற்கு அழுகை வந்தது. ஆனால் அது கோபத்தில் வந்த அழுகை இல்லை என்று அதற்கே தெரிந்தது.

எல்லாரும் இறங்கி மூச்சு விட்ட பிறகு மாதையன் முந்தின நாள் நடந்ததைச் சொன்னான். கல்லை எதற்காக எடுத்தான் என்பதையும் மறைக்கவில்லை. வேலாயுதம் தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஏத்தத்துல நிறுத்துனா இப்படித்தான்யா வண்டி பின்னால போகும். அந்தப் பயத்துல நேத்து நிறுத்தல. பிள்ளையைப் பார்த்தோம், பார்த்துட்டேதான் போனோம். ராத்திரி சோறு இறங்கல" என்றார். நிற்கும்போதே டயருக்குக் கல் வைக்க ஒரு ஆள் இருந்தால் இனிமேல் தினமும் நிறுத்தலாம் என்றும் சொன்னார். நான் வைக்கிறேன் என்றான் மாதையன்.

அன்றிலிருந்து பதினோராவது வளைவில் பஸ் நிற்கிறது. தவமணி அதில்தான் மேலே பள்ளிக்கூடம் போகிறாள். கல்லுக்குக் கூர் போய் மழுங்கிவிட்டது. மொட்டைக் கல் என்று சரளைகள் கேலி பண்ணுகின்றன. பண்ணிவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஒன்று. காலையில் கல்லைத் தூக்கியதும் மாதையன் பஸ்ஸைப் பார்ப்பான். தோளில் கனத்த பிள்ளை ஞாபகம் வரும். கை ஒரு நொடி அப்படியே நிற்கும். கல்லுக்குள்ளும் பழைய சூடு ஒன்று ஓடும்.

"இன்னுமா கோபம் போகல?" என்று ஒரு நாள் கண்ணாடி மெதுவாகக் கேட்டது.

"எங்க போகுது? தினமும் வருது" என்றது கல். "நானும் தினமும் கீழ போய் உக்காந்துக்கறேன்."

மாதையன் குனிந்து கல்லை வைத்தான். தவமணி ஏறினாள்.